பாட்டுக்கு எத்தனை நம்பர்?

வீட்டில் பழைய பாட்டு சிடி ஏதாவது கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். பளபளக்கும் பக்கத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் என்னவோ பொறித்திருக்கும். ஆலை இட்ட மேட்ரிக்ஸ் எண் அது. சிலவற்றில் கூடவே ஒரு குட்டி பார்கோடும் இருக்கும். 1994க்குப் பிறகு அச்சானது என்றால் ‘ஐஎஃப்பிஐ’ என்று தொடங்கும் இரண்டு குறிகள் இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று மூலத்தட்டைத் தயாரித்த லேசர் கருவியைக் காட்டும், மற்றது வட்டை வார்த்த அச்சைக் காட்டும். திருட்டு சிடி பிடிபட்டால் அது எந்த ஆலையில் இருந்து கிளம்பியது என்று துப்புத் துலக்க பிலிப்ஸும் உலக இசை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐயும் சேர்ந்து செய்த ஏற்பாடு. பர்மா பஜாரில் வாங்கியதில் இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி உறையைத் திருப்பினால் பின்பக்க மூலையில் பார்கோடு, முதுகில் நிறுவனத்தின் கேட்டலாக் எண். இது போதாதென்று கண்ணுக்குத் தெரியாத எண்களும் வட்டுக்குள்ளேயே ஓடுகின்றன. சிடியில் ஒலிக்குப் பக்கத்திலேயே ‘க்யூ சேனல்’ என்று ஒரு துணை ஓடை உண்டு. இத்தனையாவது பாட்டு, இத்தனையாவது நொடி என்று பிளேயருக்குச் சொல்வது அதன் முதல் வேலை. அதிலேயே உறையில் உள்ள பார்கோடின் 13 இலக்கத்தையும், ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய 12 எழுத்துக் குறியையும் எழுதி வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சிடியின் தரவு சட்டகம் (ஃப்ரேம்) என்ற சின்னத் துண்டுகளாக, நொடிக்கு 75 வீதம் ஓடுகிறது; எழுதி வைப்பதானால் 100 சட்டகத்துக்கு ஒருமுறையாவது அது தலைகாட்ட வேண்டும் என்பது விதி. ஆக, நாம் பல்லவியில் லயித்திருக்கும்போது அந்த வட்டு தன் நம்பரை விடாமல் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. அதாவது, ஆலைக்காரர் நிரப்பியிருந்தால். நிரப்பாமல் விட்ட சிடிகள் ஏராளம். கணினியில் போட்டுப் படித்தால் வரிசையாகப் பூஜ்ஜியம்தான் வரும்.

இத்தனை எண் எதற்கு என்று கேட்டால், ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கவலைக்காகப் பிறந்தது. பார்கோடு கடைக்காரர் கவலை. அதற்கும் இசைக்கும் ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. நார்மன் ஜோசப் உட்லண்ட் என்பவர் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து மோர்ஸ் குறிகளை நினைத்துக்கொண்டே மணலில் விரலால் கோடு இழுத்ததாகச் சொல்வார்கள். அவரும் பெர்னார்ட் சில்வரும் காப்புரிமை வாங்கியது 1952இல். அது கடைக்கு வர இன்னும் 22 ஆண்டு ஆனது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஸ்கேன் ஆன முதல் பொருள் ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம் பொட்டலம். விலை 67 சென்ட்.

அமெரிக்காவில் 12 இலக்கம், யூபிசி. மற்ற இடங்களில் 13 இலக்கம், இஏஎன். இந்தியாவில் பதிவு செய்தால் 890 என்று தொடங்கும். (890 இருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்று வாட்சப்பில் ஒரு செய்தி சுற்றும். நம்ப வேண்டாம். எண்ணைக் கொடுத்த அலுவலகம் இந்தியாவில் இருக்கிறது, அவ்வளவுதான்.) கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முன்னால் உள்ள இலக்கங்களைக் கூட்டிப் பெருக்கி வரும் விடை அது. ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும், இயந்திரம் ஏற்காது.

சூயிங்கத்துக்கு வந்த இந்தக் கோடுகள் இசையுலகத்தைப் புரட்டிப் போட்டது 1991இல். அதுவரை பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் விற்பனைப் பட்டியல் எப்படித் தயாரானது தெரியுமா? கடைகளைக் கேட்பார்கள். இந்த வாரம் எது நன்றாகப் போனது என்று கடைப் பையன் ஞாபகத்தில் இருந்து சொல்வான். அவனுக்கு எந்த இசை பிடிக்கும், எந்த நிறுவனத்து ஆள் நேற்று வந்து இலவசமாக எதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதெல்லாம் அந்த ஞாபகத்தில் கலந்திருக்கும். சவுண்ட்ஸ்கேன் என்ற நிறுவனம் கடை ஸ்கேனரில் பதிவாகும் பார்கோடுகளையே எண்ணத் தொடங்கியது. 1991 மே 25 தேதியிட்ட இதழில் இருந்து பில்போர்டு ஆல்பப் பட்டியல் அந்தக் கணக்குக்கு மாறியது. அடுத்த மாதமே, யாரும் எதிர்பாராத என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கண்ட்ரி இசை ஆல்பம் நேராக முதலிடத்தில் இறங்கியது. அந்த வகை இசைக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஜனங்கள் திடீரென்று ராப்பும் கண்ட்ரியும் கேட்கத் தொடங்கிவிடவில்லை. எப்போதும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணுகிற ஆள் மாறினார். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பார்கோடு அச்சடிக்கக் காசில்லாத சின்ன நிறுவனங்கள், கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு விற்றவர்கள், இவர்களெல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

நம் பக்கத்தில் அப்படி ஒரு கணக்கும் இருந்ததில்லை. இத்தனை லட்சம் கேசட் விற்றது என்று விளம்பரத்தில் போடுவார்கள். யார் எண்ணினார்கள் என்று கேட்கக் கூடாது.

கேசட் என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழ்ப் படக் கேசட்டுகளில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் என்று வருவது சகஜம். நான்கைந்து பாட்டுள்ள படத்தை வைத்து ஒரு கேசட்டை நிரப்ப முடியாது, அதனால் ஜோடி சேர்ப்பார்கள். ஜோடிக்கு எந்த நியாயமும் இருக்காது. ஒரே இசையமைப்பாளர் என்பதற்காக இருக்கலாம், அந்த மாதம் கையில் இருந்தது அதுதான் என்பதற்காகவும் இருக்கலாம். அதே படம் அடுத்த வருஷம் இன்னொரு படத்தோடு ஜோடி சேர்ந்து வேறு உறையில் வரும். ஏ பக்கத்துக்காக வாங்கி, பி பக்கத்துக்கு அடிமையானவர்கள் நம்மில் பலர். இந்தக் கேசட்டுகளை இன்று ஒழுங்காகப் பட்டியலிட உட்கார்ந்தால் முதல் கேள்வியே இடிக்கும். இது ஒரு வெளியீடா, இரண்டா? பட்டியலிடுபவர்களின் விதிப்படி ஒன்றுதான். ஒரு பெட்டி, ஒரு கேட்டலாக் எண், ஒரு வெளியீடு. உள்ளே எத்தனை படம் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அதற்குப் பக்கத்திலேயே எண்ணே இல்லாத ஒரு உலகமும் நடந்தது. ரெக்கார்டிங் சென்டரில் போய் வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வருவோம். கோடு போட்ட தாளில் பாட்டின் முதல் அடி, படம். தெரிந்தால் பாடகர். கடைக்கார அண்ணன் அதைப் பார்த்ததும் தட்டுகளின் நடுவே கையை விட்டுச் சரியான எல்பியை உருவுவார். ஒரே முதல் அடியில் ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, சோகம் ஒன்று இருந்தால், “எதுப்பா, ஹேப்பியா சேடா?” என்று கேட்டுக்கொள்வார். ஒரே பாட்டின் வெவ்வேறு பதிவுகளை வேறுபடுத்த உலக நாடுகள் கூடி வகுத்த விதிகளின் சாரம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

இசைத்தட்டுக் காலத்திலும் எண் உண்டு. ஹெச்எம்வி எல்பி என்றால் ‘இசிஎல்பி’, சின்ன இபி என்றால் ‘7இபிஇ’ என்று தொடங்கும் எண்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். லேபிளில் அச்சான எண் விற்பனைக்கு. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண் ஆலைக்கு. இன்னும் பின்னால் போனால், 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பதிவுகளின் முடிவில் “மை நேம் இஸ் கௌஹர் ஜான்” என்று அவரே ஆங்கிலத்தில் கூவிவிட்டு முடிப்பார். மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குப் போக வேண்டும். அங்கிருப்பவர்களுக்கு மொழியும் தெரியாது, ஆளும் தெரியாது. லேபிளில் யார் பெயரை அச்சடிப்பது என்று குழம்பாமல் இருக்க இந்த வழி என்பார்கள். எனக்குத் தெரிந்து பாடியவரின் பெயர் பதிவோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது ஒன்றுதான். ஒப்பிட்டுப் பாருங்கள்: 1949இல் மஹல் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடகர் என்று அச்சானது ‘காமினி’. அது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். எண்ணெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இப்போது என் பிழைப்புக்கு வருகிறேன். சின்ன இசை நிறுவனம் ஒன்றின் பழைய பாடல்களை ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு அனுப்ப எக்செல் கோப்பு நிரப்புவது நான் செய்யும் வேலைகளில் ஒன்று. பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாடல், எண்பதுகளில் வந்த சுவடே தெரியாமல் போன சில படங்கள் என்று கலவையான சரக்கு. இந்த வேலையில் நாள் முழுக்கக் கூட இருப்பது ஐஎஸ்ஆர்சி. ஆல்பத்துக்கு யூபிசி என்றால், உள்ளே உள்ள ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு ஐஎஸ்ஆர்சி. 1986இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது. மொத்தம் 12 எழுத்து; சிடியின் க்யூ சேனலில் இடம் ஒதுக்கிய அந்தக் குறி இதுதான். முதல் இரண்டு முன்னொட்டு. இந்தியாவில் வாங்கினால் ‘ஐஎன்’. இங்கே கொடுப்பது இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு. அடுத்த மூன்று நிறுவனத்தின் குறி. அடுத்த இரண்டு, எண் கொடுத்த ஆண்டு. மீதி ஐந்து வரிசை எண்.

படிக்க எளிதாக இருப்பதால் இதில் இல்லாததை எல்லாம் ஜனங்கள் படிப்பார்கள். ஆண்டு என்பது பாட்டு பதிவான ஆண்டு இல்லை. 1978இல் பதிவான பாட்டுக்கு 2015இல் எண் கொடுத்தால் 15 என்றுதான் இருக்கும். முன்னொட்டு நாட்டையும் நம்ப முடியாது. வடபழனியில் பாடிப் பதிவு செய்து, செயலிகளுக்குப் பாட்டை ஏற்றித் தரும் அமெரிக்க விநியோகஸ்தர் வழியாக அனுப்பினால் ‘க்யூஇசட்’ என்று அமெரிக்க முன்னொட்டு விழும். இந்தக் குறியில் அர்த்தம் தேடாதீர்கள், இது வெறும் அடையாளம் என்று தரத்தை வகுத்தவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒரு குறை எனக்குப் புரிந்ததே இல்லை. சூயிங்கத்துக்குச் சரிபார்ப்பு இலக்கம் வைத்தவர்கள், ஐஎஸ்ஆர்சிக்கு வைக்கவில்லை. வரிசை எண்ணில் ஒரு இலக்கம் மாறிப் போனாலும் பார்வைக்கு அது ஒழுங்கான ஐஎஸ்ஆர்சிதான். வேறு யாருடைய பாட்டாகவோ ஆகிவிடும். நிறுவனக் குறியில் வரும் ஓ எழுத்தும் பூஜ்ஜியமும் தரும் தலைவலி தனி.

விதி என்னவோ தெளிவு. பதிவு மாறினால் எண் மாறும், பொட்டலம் மாறினால் எண் மாறாது. படத்தின் ஆல்பம், ‘சோக கீதங்கள்’ தொகுப்பு, பாடகரின் பிறந்தநாளுக்குப் போட்ட தொகுப்பு, மூன்றிலும் அதே பதிவு என்றால் யூபிசி மூன்று, ஐஎஸ்ஆர்சி ஒன்று. நீளம் குறைத்து வெட்டினால் புதிது. மேடையில் பாடியது புதிது. கரோக்கி புதிது. டால்பி அட்மாஸ் மிக்ஸ் புதிது. காணொளிக்கும் தனியாக ஒன்று. படம் வருவதற்கு முன்னால் சிங்கிளாக விட்ட பாட்டு பிறகு ஆல்பத்தில் சேரும்போது பழைய எண்ணையே கொண்டு போக வேண்டும்.

நடைமுறை இப்படி இல்லை. பழைய சரக்கு கைமாறி கைமாறி வந்திருக்கும். யாரிடம் எந்த எண் இருந்தது என்று தெரியாது. தேடுவதைவிடப் புதிதாக ஒன்று போட்டுவிடுவது சுலபம். கோப்பும் ஏறிவிடும். விளைவு, ஒரே குரல், ஒரே பதிவு, செயலியில் நான்கு இடத்தில் நான்கு ஐஎஸ்ஆர்சியோடு நிற்கும். கேட்டவர் எண்ணிக்கை நாலாகச் சிதறும்.

சுயாதீனமாகப் பாடல் வெளியிடும் நண்பர் ஒருவருக்கு இது வேறு விதமாக வந்தது. கட்டணம் ஏறியதென்று விநியோகஸ்தரை மாற்றினார். புது இடத்தில் படிவம் நிரப்பும்போது ‘ஐஎஸ்ஆர்சி உண்டா?’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அவர்களே ஒன்று போட்டுத் தருகிறார்கள். எவ்வளவு உதவி! அவரும் விட்டார். பழைய இடத்தில் கணக்கை மூடினார். அதுவரை சேர்ந்திருந்த கேட்பு எண்ணிக்கை புதுப் பதிவில் பூஜ்ஜியம் ஆனது. ரசிகர்கள் தங்கள் பட்டியல்களில் சேர்த்து வைத்திருந்த பாட்டு சாம்பல் நிறமாகி, தொட்டால் பாடவில்லை. சென்னையில் வீட்டு வாசலில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் எழுதி வைப்பார்களே, அந்த வசதி இங்கே இல்லை. கடிதம் எல்லாம் பழைய எண்ணுக்குப் போகிறது, அங்கே ஆள் இல்லை. இரண்டு நிறுவனத்துக்கும் மாறி மாறி மின்னஞ்சல் அனுப்பி, பழைய எண்ணையே புது இடத்திலும் போட வைத்த பிறகுதான் எண்ணிக்கை திரும்பியது. ஆகவே விநியோகஸ்தரை மாற்றப் போகிறவர்களுக்கு: கணக்கை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டின் ஐஎஸ்ஆர்சியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒலிக்கோப்பையும் மாற்றாமல் அதையே அனுப்புங்கள். பழையதை நிறுத்துவது புதியது ஏறிய பிறகு. எண் தொலைந்துபோனால் ஐஎஃப்பிஐயின் ஐஎஸ்ஆர்சி தேடல் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு கேட்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னது எதுவுமே பாட்டைப் பற்றியது இல்லை. பெட்டிக்கு ஒரு எண், பதிவுக்கு ஒரு எண். மெட்டும் வரியும் சேர்ந்த பாட்டு என்ற படைப்புக்கு உரியது ஐஎஸ்டபிள்யூசி. யார் பாடினாலும் எங்கே பதிவு செய்தாலும் மாறாதது. முதல் எண் 1995இல் ஆபா குழுவின் ‘டான்சிங் குயின்’ பாட்டுக்குப் போனது: டி-000.000.001-0. கடைசிப் பூஜ்ஜியம் எப்படி வந்தது என்று போட்டுப் பார்க்கலாம். டி எழுத்துக்கு 1. பிறகு ஒவ்வொரு இலக்கத்தையும் அதன் இடத்தால் பெருக்க வேண்டும். ஒன்பதாம் இடத்தில் மட்டும் 1 இருக்கிறது, ஒன்பது ஒன்று ஒன்பது. கூட்டினால் 10. அடுத்த பத்தின் மடங்கைத் தொட இன்னும் எதுவும் தேவையில்லை, ஆகவே 0. ஒருவழியாக இதற்காவது சரிபார்ப்பு இலக்கம் வைத்தார்களே.

ரோஜா படத்தை எடுத்துக்கொண்டால் பதிவின் எண்ணும் படைப்பின் எண்ணும் எங்கே பிரிகின்றன என்று தெரியும். ‘சின்னச் சின்ன ஆசை’யைத் தமிழிலும் இந்தியிலும் பாடியவர் மின்மினி. மெட்டு ஏ.ஆர். ரஹ்மானுடையது. தமிழ் வரி வைரமுத்து, இந்தி வரி பி.கே. மிஸ்ரா. பதிவு வேறு, ஆகவே ஐஎஸ்ஆர்சி வேறு. மெட்டு ஒன்றுதானே, ஐஎஸ்டபிள்யூசியாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. வரி மாறினால் அது இன்னொரு படைப்பு, தனி எண் வாங்க வேண்டும். ஆனால் அதே தமிழ் வரியை நாளை ஒரு கல்லூரிப் பெண் கிடாரோடு பாடி ஏற்றினால் ஐஎஸ்ஆர்சி புதிது, ஐஎஸ்டபிள்யூசி வைரமுத்துவும் ரஹ்மானும் பங்காளிகளாக உள்ள அதே பழைய எண்.

பணம் எங்கே தொலைகிறது என்பதும் இங்கேதான் இருக்கிறது. செயலிக்கு ஒலிக்கோப்போடு போவது ஐஎஸ்ஆர்சி. படைப்பாளிகளின் சங்கத்திடம் இருப்பது ஐஎஸ்டபிள்யூசி. இந்தப் பதிவு அந்தப் படைப்பின் பதிவு என்று இரண்டையும் முடிச்சுப் போட்ட பட்டியல் முழுமையாக எவரிடமும் இல்லை. பெயரையும் தலைப்பையும் வைத்து ஊகிக்கிறார்கள். அமெரிக்காவில் புதுச் சட்டப்படி அமைந்த மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் என்ற அமைப்பிடம் 2021 பிப்ரவரியில் 20 ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள், யாருக்குச் சேர வேண்டும் என்று தெரியாமல் கையில் தேங்கியிருந்த தொகையை ஒப்படைத்தன. 42 கோடி டாலருக்கும் மேல். பாட்டு ஓடியிருக்கிறது, கேட்டிருக்கிறார்கள், எழுதியவரைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

கர்நாடக இசைக்காரர்கள் இந்தக் கவலையை முன்பே யோசித்தவர்கள் போல. முத்துஸ்வாமி தீட்சிதர் ‘குருகுஹ’ என்ற முத்திரையைக் கிருதிக்குள்ளேயே வைத்துவிட்டார். யார் பாடினாலும், எந்த நிறுவனம் விற்றாலும், அந்தச் சொல் வந்தே தீரும். அப்படியிருந்தும் இசையமைப்பாளர் என்ற கட்டத்தில் வித்வானின் பெயரை அல்லது ‘டிரெடிஷனல்’ என்று போட்டு அனுப்பிய தீட்சிதர் கிருதிகள் என் கோப்புகளில் வந்தபடி இருக்கின்றன. கண்ணில் பட்டதைத் திருத்துகிறேன். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அதில் பணப் பிரச்சினை இல்லை. இல்லாததால்தான் யாரும் திருத்துவதும் இல்லை.

சினிமாப் பாட்டில் பணப் பிரச்சினை உண்டு. 2012இல் வந்த காப்புரிமைத் திருத்தச் சட்டம், படத்துக்கு எழுதிய பாட்டு திரையரங்கத்துக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும், உரிமையை வாங்கிய நிறுவனத்தோடு சம பங்கு உண்டு என்கிறது. எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமையை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. இந்தியாவில் அதை வசூலித்துப் பிரிப்பது 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் சங்கம். சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, எண் இருக்கிறது. எங்கள் எக்செல் கோப்பில் யூபிசி காலியாக இருந்தால் கட்டம் சிவப்பாகி, கோப்பு ஏற மறுக்கும். ஐஎஸ்ஆர்சி காலி என்றாலும் அப்படியே. பாடலாசிரியர் பெயர் காலி என்றால் ஒன்றும் ஆகாது, சமத்தாக ஏறிவிடும். ஐஎஸ்டபிள்யூசிக்குக் கட்டம் இருக்கிறது, அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை. பாடலாசிரியர் கட்டத்தையும் கட்டாயம் ஆக்கிவிடலாமே என்று ஒருமுறை நிறுவனத்தில் கேட்டேன். “ஆக்கிடலாம் சார், அப்புறம் நம்ம கேட்டலாக்ல பாதி ஏறாது, பரவாயில்லையா?” என்று பதில் வந்தது. பரவாயில்லை என்றேன். அந்தக் கட்டம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.